துண்டுக்கடியில் ஆதி தாளம்

‘சுரவிளக்கு’ மாதப் பத்திரிகையின் கேள்வி-பதில் பக்கத்தில் நாகர்கோவில் என்று ஊர்ப்பெயர் அச்சாகியிருந்ததைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டவர் பகவதியப்ப பிள்ளை. முதலில் சந்தேகப்பட்டவரும் அவர்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான் இருந்தது.

கேள்வி இதுதான்: ஹார்மோனியத்தில் காம்போதி ராகத்தை அதன் வளைவு நெளிவுகளோடு வாசிக்க முடியுமா, முடியாதா? கேட்டவர் பெயர் சத்தியநேசன். ஆசிரியர் அரைப் பக்கம் பதில் எழுதி, ‘அன்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்’ என்று ஒரு வரி வேறு சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிதான் பிள்ளைக்குத் தொண்டையில் நின்றது.

நாகர்கோவிலின் சந்தைப் பகுதியான கோட்டாற்றில் கொப்பரை மண்டி வைத்திருந்த பிள்ளை, ‘சுரவிளக்கு வாசகர் சங்க’த்தின் தலைவர். மண்டி மாடியில் கொப்பரை வாடைக்கு நடுவே ஜமுக்காளம் விரித்து வாராவாரம் சங்கம் கூடும். புது இதழைச் சத்தமாக வாசிப்பார்கள். அதில் சுரம் போட்டு வந்திருக்கிற பாட்டை யாராவது பாடிப் பார்ப்பார்கள். வருஷக்கணக்கில் அவர்களும் கேள்வி எழுதிப் போட்டுத்தான் பார்த்தார்கள், ஒன்றுகூட அச்சேறவில்லை. இப்போது சங்கத்துக்கு வெளியே, அதே ஊரில், ஒருத்தன் அதே பத்திரிகையைப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் யார்? எத்தனை நாளாகப் படிக்கிறான்? என்ன நோக்கத்தில்?

ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருக்குமா, மதராஸோடு போகுமா என்று முக்குக்கு முக்கு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்டி மாடியில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அவர்கள் ‘சுரவிளக்கு’ ராஜ்யத்தார். அந்த ராஜ்யத்துக்கு எல்லைத் தகராறே கிடையாது. இந்தப் பக்கம் சந்தாதாரர்கள். அந்தப் பக்கம் சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப்புத்தகம் வாங்குகிற மீதி உலகம். ராஜ்யத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்த இதழில் வந்த எந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச்செடுத்தாலும், ‘நான் அதைப் படிக்கவில்லை’ என்று ஒருவர் சொல்லக் கூடாது. யாரும் சொன்னதுமில்லை. ஜவுளிக்கடை குமாரதாஸ், தபாலில் தொலைந்துபோன இதழைக்கூடப் படித்திருப்பார்.

ஆள் யாரென்று விசாரிக்கும் வேலை சுடலையாண்டியிடம் வந்தது. அவர் தரகர். மாடோ புளியோ கொப்பரையோ, விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் அவர் துண்டு இருக்கும். துண்டுக்கடியில் இரண்டு கைகள் போகும். விரலைப் பிடித்தும் கணுவை அமுக்கியும் விலை பேசப்படும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு முகங்கள்தான் தெரியும், விலை தெரியாது. துண்டுக்கடியில் கை சேர்ந்துவிட்டால் சேர்ந்ததுதான். அங்கே நடந்ததை வெளியே சொன்னவனுக்கு மறுசந்தையில் கை நீட்ட ஆள் இருக்காது.

அவர் விசாரித்துக்கொண்டு வந்த விவரத்தில் சந்தேகம் தீரவில்லை, கூடியது. சத்தியநேசன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சர்ச்சில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். அப்படிப்பட்டவருக்குக் காம்போதியில் என்ன வியாபாரம் என்று சங்கத்தில் நீளமாகப் பேசினார்கள். கடைசியில் பிள்ளை, வெளியே நிற்கிறவன் என்ன செய்கிறான் என்பது தெரியாது, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் கண் முன்னால் இருப்பான் என்று முடிவு சொன்னார். சங்கத்தில் பல பேர் அப்படித்தான் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

சத்தியநேசனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அழைப்பு வந்ததும் சட்டைக்கு இஸ்திரி போட்டார். அவர் வீட்டில் ‘சுரவிளக்கு’ தனியாகத்தான் படிக்கப்பட்டது. விருந்தாள் யாராவது வந்தால் மனைவி நேசம்மாள் அட்டையில் இருக்கிற சரஸ்வதி படத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பாட்டுக்குழுவில் காம்போதி என்று வாயெடுத்தால், அது பாட்டுப்புத்தகத்தில் எத்தனையாம் நம்பர் என்று கேட்பார்கள். ஒரு ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்கு விளக்கம் சொல்லாமல் மேலே பேச்சைத் தொடருவதற்கு இந்தப் பூமியில் ஓரிடம் வேண்டும் என்பது அவர் ஆசை. கொப்பரை மூட்டைகளுக்கு மேலே அப்படி ஓரிடம் இருப்பதை முதல் நாளே கண்டுகொண்டார். அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

நிபந்தனை ஒன்றுதான். கொஞ்ச காலம் வந்து போகலாம். பத்திரிகை ‘நம் வாசகர் சங்கங்கள்’ என்று ஊர் ஊராகப் படம் போட்டு வந்தது. அடுத்தது கோட்டாற்றின் முறை. படம் எடுப்பதற்கு முந்தின கூட்டத்தில் அவர் சங்கத்து ஆளா, வெளியாளா என்று தீர்மானம் ஆகும். ஆள் என்றால் படத்தில் நாற்காலி. இல்லையென்றால் மாடிப்படி இறங்கிவிட வேண்டும்.

அவருக்காக ஒரு காரியம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்கு சர்ச் உண்டு என்பதால் கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். தாராளம் குமாரதாஸுடையது, முனகல் பிள்ளையுடையது. வியாழக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கமிருந்து கொப்பரை வண்டிகள் வந்து நிற்கும். புதன் சாயங்காலம் மண்டிக்காரனுக்குப் பாட்டுக் கேட்கிற வேளையா? ஆனாலும் தலைவர் ஆயிற்றே, ஒத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் விலை கசிய ஆரம்பித்தது.

ஒரு கண்டி எடைக் கொப்பரைக்கு இன்ன விலை வரை போகலாம் என்று பிள்ளை மனசில் ஒரு கோடு போட்டிருப்பார். புதன்கிழமை மாடி ஏறுமுன் அதைச் சுடலையாண்டியின் காதில் மட்டும் ஓதுவார். மறுநாள் காலையில் வண்டிக்காரன், அந்தக் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்துகொள்வான். ஒரு விரற்கடை கீழே இறங்க மாட்டான், மேலேயும் கேட்க மாட்டான். ஒரு வாரம் என்றால் தற்செயல். வாராவாரம் அப்படியே நடந்தால்?

கொப்பரை விலை கசிந்தால் முதலில் தரகனைத்தான் பார்ப்பார்கள். சுடலையாண்டிக்கு அது தெரியும். பிள்ளையின் பார்வை தன் பக்கம் திரும்புவதற்குள் வேறொரு திசையைக் காட்டிவிட்டார்.

“அந்த வாத்தியார் கையைப் பாத்தேரா, அண்ணாச்சி?”

பிள்ளை பார்த்தார். சங்கத்தில் எல்லாரும் தாளம் போடுவது பகிரங்கமாக. பாட்டு தொடங்கினால் ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் அடிக்கிற அடியில், தெருவில் போகிறவன் மண்டி மாடியில் துணி துவைக்கிறார்கள் என்று நினைப்பான். பலமான கை பிள்ளையுடையது. ஆனால் சத்தியநேசனின் வலது கை மட்டும் வெளியே இருக்காது. தோளில் கிடக்கிற நேரியலை மடியில் இழுத்துப் போட்டு, அதற்குள் கையை வைத்திருப்பார். துணிக்கடியில் விரல்கள் ஓடுவது தெரியும். சிறுவிரல் பக்கம் லேசாக எழும்பும், அடுத்த விரல், அதற்கடுத்தது. பிறகு உள்ளங்கை புரளும்.

கோட்டாற்று வியாபாரி ஒருத்தன் துணிக்கடியில் விரல் ஓடுவதைப் பார்த்தால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. விலை.

சந்தேகம் வந்துவிட்ட பிறகு சாட்சிக்கா பஞ்சம்? கூட்டத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யார்? சத்தியநேசன். பிள்ளை சுடலையாண்டியின் காதில் ஓதுவது அந்தப் படிக்கட்டில்தான். மழை நாளில் அவர் யாரோடு ஒரே குடையில் போனார்? யூஜினோடு. யூஜின் கடற்கரைக் குளச்சலில் கொப்பரை சேகரித்து அந்த வியாழக்கிழமை வண்டிகளை அனுப்புகிறவர், சங்கத்திலும் உறுப்பினர். மாடியில் ஏறினால் வியாபாரம் என்று ஒரு வார்த்தை பேச மாட்டார். பிள்ளைக்கு நேர் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மற்றவர்களைப்போலக் கண்ணை மூடிக் கிறங்காமல், அமைதியாகப் பாட்டுக் கேட்பார். வாத்தியார் துணிக்கடியில் விரல் காட்டுகிறார், எதிரே யூஜின் கண் திறந்து உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை இரண்டையும் கூட்டிப் பார்த்தார்.

குமாரதாஸ்கூட, தான் மாற்றிக் கொடுத்த கிழமையை மறந்துவிட்டு, காம்போதி கேள்வியே உள்ளே நுழைவதற்குப் போட்ட தூண்டில்தான் என்று சொல்ல ஆரம்பித்தார். ஹார்மோனியத்தைப் பற்றிக் கேட்கிறவன் உண்மையான ரசிகனாக இருக்க முடியாது என்பது அவருக்கு அப்போதே தெரியுமாம்.

தீர்மானம் எடுக்கிற புதன்கிழமை வந்தது. படிக்கட்டில் வைத்துப் பிள்ளை திட்டம் சொன்னார். வாத்தியாருக்குப் பக்கத்தில் சுடலையாண்டி உட்கார வேண்டும். பாட்டு நடுவில் அந்த நேரியலுக்குள் கையை விட்டு, ஓடுகிற விரலைப் பிடித்துவிட வேண்டும். கையும் களவுமாக என்று சொல்லுவார்களே, அதைத்தான் பிள்ளை கேட்டார்.

“பிடிச்சுப் பாத்துட்டு என்ன விலைன்னு மட்டும் சொல்லும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

குமாரதாஸ் புது இதழை முன்னால் விரித்து வைத்து, பிலஹரியில் ஒரு பாட்டை ஆரம்பித்தார். ஆதி தாளம். தொடைகள் முழங்கின. சத்தியநேசனின் கை நேரியலுக்குள் போயிற்று. சுடலையாண்டி, சந்தையில் மாட்டுக்காரன் பக்கம் சாய்வதுபோலச் சாய்ந்து, தன் துண்டையும் மேலே போட்டு உள்ளே கையை விட்டார்.

சத்தியநேசன் திடுக்கிட்டார். ஆனால் கையை இழுக்கவில்லை. இந்தச் சங்கத்தில் எந்தக் காரியமும் துண்டுக்கடியில்தான் முடியும் என்று குமாரதாஸ் ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். ஆக, ஆளைச் சேர்த்துக்கொள்கிற முறை இதுதான் போலிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. பரீட்சைக்கு உட்கார்ந்த பையனைப்போல, தரகரின் கையை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தாளத்தைத் தொடர்ந்தார்.

உள்ளங்கையில் ஒரு தட்டு. சிறுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டு, ஒரு திருப்பு. தட்டு, திருப்பு.

சுடலையாண்டி பழக்கதோஷத்தில் விலையாகக் கணக்குப் போட்டார். வந்த விலை கொப்பரைக்கும் பொருந்தவில்லை, எருமைக்கும் பொருந்தவில்லை. சரி, தொடக்கத்தில் அப்படித்தான் இழுப்பான் என்று காத்திருந்தார். அதே விலை திரும்ப வந்தது. மறுபடியும் அதே. இவர் ஒரு விரலை அமுக்கி எதிர்விலை சொல்லிப் பார்த்தார்; அந்தக் கை அதைப் பொருட்படுத்தாமல் தன் பாட்டுக்குச் சுற்றி வந்தது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இப்படிப் பேரம் பேசுகிற மனுஷனை அவர் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. குமாரதாஸ் ஓரிடத்தில் மூச்சு வாங்கிப் பாட்டைத் தவறவிட்டபோது, அந்தக் கை ஒரு தட்டை நீட்டிப் பிடித்து, அவர் வந்து சேருகிற வரைக்கும் நின்றது. சேர்ந்ததும் மறுபடி சுற்றியது.

அப்போதுதான் சுடலையாண்டிக்கு விளங்கியது. இது விலை இல்லை, தாளம். வருஷக்கணக்காகத் தொடையில் அடித்தும் அவருக்குக் கிடைக்காத ஒன்று இன்று துண்டுக்கடியில் விரலில் வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த எண்ணிக்கை கையில் இருக்கும்போதே கண்ணைத் திறந்து மற்றவர்களைப் பார்த்தார். குமாரதாஸின் தொடையடி முன்னாடி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருவர் பின்னாடி வந்தார். அதெல்லாம் பரவாயில்லை. தலைவரின் கைக்கு வந்ததும்தான் தரகரின் கண் அங்கேயே நின்றது.

பிள்ளை கண்ணை மூடி, தலையை ஆட்டி, ரசத்தில் முங்கியிருந்தார். அவருடைய வலது கை அடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டு, தொடைமேல் எல்லாரும் பார்க்க மலர்ந்து கிடந்தது. அது தாளத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லாமல் வேறு வேலை பார்த்தது. ஒரு விரல் மடங்கும். பெருவிரல் அடுத்த விரலின் நடுக்கணுவில் போய் நிற்கும். யோசித்து, ஒரு கணு கீழே இறங்கும். மறுபடி ஏறி, ஓரிடத்தில் அழுத்தமாக நிலைக்கும். நாளைக் காலையில் துண்டுக்கடியில் நடக்க வேண்டிய பேரத்தை அந்தக் கை இன்றைக்கே, துண்டு இல்லாமல், ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. நிலைத்து நின்ற விலை, கொஞ்சநேரம் முன்னால் படிக்கட்டில் சுடலையாண்டியின் காதில் ஓதப்பட்ட அதே விலை.

எதிர்ச்சுவரில் யூஜின் அமைதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் பாடுகிறவர்மேல் இல்லை, பத்திரிகைமேல் இல்லை. காட்டுகிறவர் வாராவாரம் காட்டினால் பார்க்கிறவரை என்ன சொல்வது?

பாட்டு முடிந்தது. சத்தியநேசன் கையை விடாமலே, தணிந்த குரலில் கேட்டார்: “கை பிடிச்சாச்சே அண்ணாச்சி. இனி நான் உள்ளதானே?”

சுடலையாண்டி, எதற்காக இப்படித் துணிக்குள் வைத்து எண்ணுகிறீர் என்று திருப்பிக் கேட்டார். வாத்தியார் வெட்கத்தோடு காரணம் சொன்னார். சின்ன வயசில் சர்ச்சில் கீர்த்தனை பாடும்போது தொடையைத் தட்டினால் போதகருக்குப் பிடிக்காது; ஆராதனையா, பஜனையா என்று பிரசங்கத்திலேயே கேட்டுவிடுவார். அதனால் பாட்டுக்குழுப் பையன்கள் நேரியலுக்குள் ஒளித்துத் தாளம் எண்ணப் பழகினார்கள். வளர்ந்த பிறகும் கை வெளியே வர மாட்டேன் என்கிறது.

அதற்குள் பிள்ளை மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். சுடலையாண்டி எழுந்து போனார்.

“பிடிச்சேரா?”

“பிடிச்சேன்.”

“என்ன விலை காட்டுதான்?”

தரகருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஆமாம், வாத்தியார்தான் என்று சொல்லிவிடலாம். எல்லாருக்கும் திருப்தி, தன் தலையும் தப்பும். சத்தியநேசன் நேரியலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவார், ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார். ஆனால் துண்டுக்கடியில் சேர்ந்த கை அது. மாட்டுக்குப் பல் சரியில்லை என்பதை மறைத்து விற்றிருக்கிறாரே தவிர, பிடித்த கையைக் காட்டிக்கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. இரண்டாவது வழி, உள்ளதைச் சொல்வது: அண்ணாச்சி, உமக்குத் தாளம் வரவில்லை. வாசகர் சங்கத் தலைவரிடம் இதைச் சொல்வதற்குப் பதில், உம்முடைய கொப்பரை பூசணம் பிடித்தது என்று சந்தையில் நின்று கூவலாம். கூவிவிட்டு அதற்கப்புறம் அந்த ஊரில் தரகு பார்க்க முடியாது.

இரண்டு வழியும் அடைபட்டால் மூன்றாவது ஒன்றைத் திறப்பவன்தானே தரகன்.

“துண்டுக்கடியில பேசினதை வெளியே சொன்னா நான் என்ன தரகன், அண்ணாச்சி? ஆனா ஒண்ணு. அது கொப்பரை விலை இல்ல. எங்க அம்மை மேல சத்தியம். நீரு வாரும், சபையில வச்சே சொல்லுகேன்.”

ஜமுக்காளத்தில் எல்லாரும் சம்மணம் போட்டு, தீர்மானத்துக்காகக் காத்திருந்தார்கள். சத்தியநேசன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சுடலையாண்டி எழுந்து நின்று, ஆனி மாத ‘சுரவிளக்கில்’ வந்திருந்த கட்டுரையைப் பற்றி ஆரம்பித்தார். தொடையில் ஓசைப்பட அடிப்பது பாமரர் தாளம் என்றும், உண்மையான ரசிகன் மேல்துணிக்குள் கையை வைத்து உள்ளுக்குள் எண்ணுவதுதான் உத்தமம் என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்ததே, நாம் யாரும் அதை இதுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லையே என்று வருத்தப்பட்டார். இந்தச் சங்கத்தில் அதைப் படித்து அதன்படி நடக்கிறவர் வாத்தியார் ஒருவர்தான் என்றும், அவர் கையைப் பிடித்துப் பார்த்துத் தானே உறுதி செய்துகொண்டதாகவும் சொன்னார்.

அப்படி ஒரு கட்டுரை ஆனியிலும் வரவில்லை, ஆடியிலும் வரவில்லை.

குமாரதாஸ்தான் முதலில் கனைத்தார். “ஆமா. நானும் படிச்சேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம். எழுத்து கொஞ்சம் பொடியா இருந்துது.”

இன்னொருவர், அதை எழுதியவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் என்றார். சத்தியநேசன் வாயைத் திறந்தார். சுடலையாண்டி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிள்ளை எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தலைவருக்குரிய நிதானத்தோடு, அந்தக் கட்டுரையை வாசித்த நாள்முதல் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தான் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், கிழமை மாறின குழப்பத்தில் விட்டுப்போயிற்று என்றும் சொன்னார்.

யூஜினுக்குத்தான் இது சரிப்படவில்லை. இனிமேல் புதன்கிழமைகளில் எல்லாக் கையும் துண்டுக்குள் போய்விடும் என்பது அவருக்குச் சட்டென்று உறைத்தது. அந்த அவசரத்தில், வியாபாரத்தில் ஒருநாளும் செய்யாத தவறைச் செய்தார்.

“ஆனி இதழா? அதுல அப்படி ஒண்ணு நான் படிக்கலியே.”

படிக்கவில்லை. அந்த மாடியில் அதற்கு முன்னால் யாரும் சொல்லாத சொல். குமாரதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர் ஜமுக்காளத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பகவதியப்ப பிள்ளை யூஜினை வெகுநேரம் பார்த்தார். இத்தனை காலமாக இவன் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்ததன் காரணம் இப்போதல்லவா தெரிகிறது. சந்தா கட்டுகிறானே தவிர இவன் படிக்கிறதே இல்லை. அப்படியானால் எதற்காக வருகிறான்?

சத்தியநேசனைச் சேர்த்துக்கொள்கிற தீர்மானம் பேச்சில்லாமல் நிறைவேறியது. யூஜினை நீக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச காலம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோக்காரர் வந்து மண்டி வாசலில் படம் எடுத்தார். கையைத் தொடையில் வையுங்கள் என்று அவர் கெஞ்சியும் யாரும் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை வண்டிக்காரன் விலையில் தடுமாறினான். பிள்ளை அதைச் சங்கத்தின் ஒழுங்கு கூடியதால் வந்த நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

படம் வந்த இதழை மண்டி மாடியில் பிரித்தபோது எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். நடு நாற்காலியில் பிள்ளை, இடது ஓரத்தில் சத்தியநேசன், வலது கோடியில் யூஜின், ஒவ்வொருவர் வலது கையும் மேல்துணிக்குள். கீழே பத்திரிகைக்காரர்கள், பிள்ளை எழுதி அனுப்பிய குறிப்பைப் பார்த்து, இப்படிப் போட்டிருந்தார்கள்: ‘கோட்டாறு வாசகர் சங்கத்தார். தாளத்தை ஓசையின்றி உள்ளுக்குள் எண்ணும் பழைமையான மரபைக் காத்துவருகின்றனர்.’ நேசம்மாள் இந்த ஒரு இதழை மட்டும் கவிழ்த்து வைக்கவில்லை என்று வாத்தியார் சொன்னார்.

சுடலையாண்டி, நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்கிறதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, படத்தின் வலது கோடியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தரகரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“வே, எல்லாத் துண்டும் ஒரே அளவுதான் இருக்கு. யூஜின் துண்டு மட்டும் என்னத்துக்கு இம்புட்டுப் பெரிசு?”